தகரம் மூடிய புகைபோக்கி: ஒரு கொடைக்கானல் இரவின் நிகழ்வு ஆய்வு

மணலியில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். விபத்து நடந்தாலும், நூலிழையில் தப்பினாலும் அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. எத்தனை மணி, யார் எங்கே நின்றார், எந்த வால்வு எந்த நிலையில் இருந்தது, எந்தத் தடுப்பு கைவிட்டது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே காரணத்தைப் பின்னோக்கித் தேடுவோம். போன நவம்பரில் என் வீட்டாருக்கு நடந்ததையும் அதே முறையில் எழுதுகிறேன். மலை விடுதி அறை ஒன்றில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் கார்பன் மோனாக்ஸைடு வாயுவில் சிக்கினார்கள். நால்வரும் இப்போது நலம். விடுதியின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தத் தவறில் அவர்களுக்குப் பங்கு உண்டு, எனக்கும் உண்டு. இதே தவறு இன்னும் எத்தனையோ அறைகளில் நடக்கக் காத்திருக்கிறது என்ற பயம்தான் என்னை எழுத வைக்கிறது.

நவம்பரில் ஏன் போனோம்

எங்கள் வீடு திருவொற்றியூரில், காலடிப்பேட்டைப் பக்கம். அம்மாவுக்கு 68 வயது. மகனுக்கு 12, மகளுக்கு 7. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல் தெரியும், வடக்கே தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மூடுபனியை அம்மா டிவியில்தான் பார்த்திருக்கிறார். ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மே மாதம் எங்களுக்கு ஒத்துவராது. கோடையில்தான் எங்கள் ஆலையில் ஷட்டவுன் வேலை, அதாவது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் வேலை, லீவு கேட்கவே முடியாது. அப்போது கொடைக்கானலில் வாடகையும் எங்கள் கைக்கு எட்டாது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை அங்கே ஓங்கி நிற்கும், ஆட்கள் வரமாட்டார்கள், வாடகை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, ராத்திரி ரயிலில் ஏறி, விடிகாலையில் கொடை ரோட்டில் இறங்கினோம். அங்கிருந்து மலைமேல் சுமார் 80 கிலோமீட்டர். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால் வேன் டிரைவர் முன்பே பதிவு செய்திருந்தார். சாவடியில் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. சாலை அவ்வளவு காலியாக இருந்தது. வளைவுகளில் மகள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதுவே எங்களை ஏமாற்றியது.

விடுதி ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இருந்தது. ஒன்பது குடில்கள். எங்களுடையதைத் தவிர எட்டும் பூட்டிக் கிடந்தன. மேனேஜர், சமையல்காரர், ஒரு பையன் என மொத்தம் மூன்றே பேர் வேலையில் இருந்தார்கள். மற்றவர்களை சீசன் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டதாக மேனேஜர் சொன்னார். மதியம் ஏரிக்கரையில் பனி இறங்கி, எதிர்க்கரை மறைந்துபோனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இந்தப் பயணம் தகும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த இரவு

நேரங்களை என் போனில் இருந்த படங்களையும் அழைப்புப் பதிவுகளையும் வைத்துச் சரிபார்த்து எழுதுகிறேன்.

மாலை 6.10க்கு மின்சாரம் போனது. எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கிறது. விடுதியின் ஜெனரேட்டர் அலுவலகத்துக்கும் சமையலறைக்கும் மட்டும்தான் ஓடியது. அறையில் இருந்த மின்சார ஹீட்டர் அத்தோடு பயனற்றுப் போனது.

7.30க்கு கேம்ப் ஃபயர் கிடையாது என்றார்கள், மழை விடவில்லை. கோழியை மட்டும் வராந்தாவிலேயே கரி அடுப்பில் சுட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

9.15 வாக்கில் குளிர் தாங்கவில்லை. கடற்கரையில் வளர்ந்த உடம்பு, அம்மாவின் பல் தந்தியடித்தது. எங்களுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறைகளில் பெரியதில் கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. தம்பி அந்தப் பையனிடம், “இதுல நெருப்பு போட முடியுமா?” என்று கேட்டான். “கட்டை எல்லாம் நனைஞ்சு கெடக்கு சார், கரி வேணா இருக்கு” என்றான் பையன். கோழி சுட்ட அடுப்பிலிருந்து தணலை ஒரு இரும்புத் தட்டில் அள்ளி, மேலே இன்னும் கொஞ்சம் கரி போட்டு, கணப்பு மாடத்துக்குள் வைத்தான்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். குனிந்து மாடத்துக்குள் பார்த்தேன், இருட்டாக இருந்தது. கணப்பு என்றால் புகைபோக்கி இருக்கும், வாயு மேலே போய்விடும், சரி. அவ்வளவுதான் நான் செய்த சோதனை.

9.40க்கு வராந்தாக் கதவின் அடியில் ஊதக்காற்று வந்தது. குளியல் துண்டை மடித்து அந்த இடுக்கை நானே அடைத்தேன்.

10 மணிக்கு அம்மாவும் மனைவியும் பிள்ளைகளும் கணப்பு இருந்த அறையில் படுத்தார்கள். நானும் தம்பியும் அடுத்த அறையில். இடைக்கதவைச் சாத்தினோம்.

12.50க்கு மகள் வாந்தி எடுத்தாள். மலைப்பாதை, எண்ணெய்க் கோழி, இரண்டும் சேர்ந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவி நினைத்தாள். துடைத்துவிட்டு, அதே அறையில் மறுபடி படுக்க வைத்தாள். 1.15க்கு மகன் தலைவலிக்கிறது என்று அழுதான். அம்மாவும், “எனக்கும் தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா, பனி ஒத்துக்கல போல” என்றார். மனைவி இருவருக்கும் தைலம் தேய்த்தாள். 1.30க்கு வெந்நீர் எடுக்க எழுந்தவளுக்கு முழங்கால் மடங்கியது. எழுந்து நிற்க முடியாமல், தவழ்ந்து வந்து இடைக்கதவைத் தட்டினாள்.

நாங்கள் உள்ளே போனபோது மணி 1.35. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அம்மாவின் பையில் எப்போதும் இருக்கும். தம்பி அதை அம்மாவின் விரலில் மாட்டினான். 94 காட்டியது. மாலையில் பார்த்தபோதும் 94தான். “ணா, அதே நம்பர்தான் காட்டுது, பயப்படாத” என்றான்.

அந்த எண் எனக்கும் ஒரு நொடி நிம்மதி கொடுத்தது. அப்புறம்தான் கட்டிலைப் பார்த்தேன். நான்கு பேர், நான்கு வயது, ஒரே நேரத்தில் ஒரே தொந்தரவு. யாருக்கும் காய்ச்சல் இல்லை. அதே கோழியைத் தின்ற எனக்கும் தம்பிக்கும் ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரே சமயத்தில் உடம்பு கெட்டால் முதலில் காற்றைச் சந்தேகப்படு என்று ஆலையில் ஒவ்வொரு புதுத் தொழிலாளிக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குக் கேட்டது.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். மகளை நான் தூக்கினேன், அம்மாவைத் தம்பி தூக்கினான். சாரலோ குளிரோ பார்க்காமல் நால்வரையும் வராந்தாவில் உட்கார வைத்துக் கம்பளி சுற்றினோம். தணல் தட்டை நான் தொடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நடக்கும் நேரத்தில் இன்னும் ஒருவர் விழ வேண்டாம் என்றுதான். 108க்கு அழைத்தோம். மரம் விழுந்த பாதையில் ஆம்புலன்ஸ் சுற்றி வர நேரமாகும் என்று தெரிந்ததும் வேன் டிரைவரை எழுப்பினோம். பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. 2.40க்கு மருத்துவமனையில் இருந்தோம்.

இரவுப் பணியில் இருந்த இளம் மருத்துவரிடம் “மூடின அறையில் கரித் தணல்” என்ற நான்கு வார்த்தையைச் சொன்னேன். அவர் ஆக்ஸிமீட்டரைப் பார்க்கவே இல்லை. நான்கு பேருக்கும் முகமூடி வைத்து முழு ஓட்டத்தில் ஆக்ஸிஜன் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்த வாயு ஏன் ஏமாற்றும்

வட சென்னைக்காரர்களுக்கு வாயுவைப் பற்றித் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தபோது ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். கண் எரிந்தது, மூச்சு முட்டியது, அதனால் ஓடினார்கள். அமோனியா ஆளைத் தட்டி எழுப்பிவிடும். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, எரிச்சல் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாது, இன்னும் ஆழமாகத் தூங்கவைக்கும். வாசனையை நம்பி வளர்ந்த எங்கள் மூக்குக்கு இது புரியாத எதிரி.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இந்த வாயுவை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணியில் பாதியாகும். முகமூடி வைக்க மருத்துவர் காட்டிய அவசரத்துக்கு இதுதான் காரணம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரோ, வாயு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்ஸிஜன் பிடித்தது என்றே எண்ணிவிடும். அம்மாவின் ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை விஷவாயு எடுத்துக்கொண்டிருந்தபோதும் 94 அசையாமல் நின்றதற்கு அதுதான் காரணம். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: தணலோ, கேஸ் கீசரோ, ஜெனரேட்டரோ பக்கத்தில் இருந்து தலைவலி வந்தால், ஆக்ஸிமீட்டர் காட்டும் எண்ணை நம்பி உட்காராதீர்கள்.

அந்த உயரம் இன்னொரு சங்கடம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டரில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், திருவொற்றியூரில் கிடைப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் அதிகம். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறியவர்களுக்குத் தலைவலி வருவது சகஜம், வளைவுப் பாதையில் வாந்தியும் சகஜம். ஆகவே வாயுவின் ஒவ்வொரு அறிகுறிக்கும் அன்று எங்களிடம் ஒரு நியாயமான வேறு காரணம் தயாராக இருந்தது. 45 நிமிடம் அப்படித்தான் போயிற்று. மனைவியை இதற்காக யாரும் குறை சொல்லக் கூடாது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் தைலம்தான் தேய்த்திருப்பேன்.

அறையில் எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு) இருந்தது என்பதற்கு அளவு இல்லை. இந்த வாயுவை அளக்கும் என் மீட்டர் மணலியில் லாக்கருக்குள் இருந்தது. 35ஐத் தொட்டாலே அது கத்தும். 800 பிபிஎம்மில் முக்கால் மணியில் தலைசுற்றலும் வாந்தியும் வரும், இரண்டு மணியில் நினைவு தப்பும் என்று எங்கள் பயிற்சி அட்டையில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தோம் என்று யோசித்துப் பல இரவுகள் விழித்துக் கிடந்திருக்கிறேன்.

பின்னோக்கிப் போனால்

மறுநாள் பகலில் தம்பியை மருத்துவமனையில் விட்டுவிட்டு விடுதிக்குப் போனேன். மேனேஜர் வாடி நின்றார். ஏணி கேட்டேன், வைத்தார்கள். ஓட்டின்மேல் ஏறிப் பார்த்தால், புகைபோக்கியின் வாயில் ஒரு தகரம், தகரத்தின்மேல் இரண்டு கருங்கல். சீசன் முடிந்ததும் எல்லாக் குடில்களிலும் இப்படி மூடுவது வழக்கமாம். மழைத்தண்ணீர் இறங்கும், குரங்கு இறங்கும். மூடுவதில் தப்பே இல்லை. மூடியவர் ஊருக்குப் போய்விட்டார். பையன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஆலையில் ஒரு குழாயை அடைக்க பிளைண்டு என்ற இரும்புத் தகடு போடுவோம். போட்டால் அங்கேயே ஒரு அட்டை கட்ட வேண்டும்: யார் போட்டது, எப்போது, ஏன். அட்டையைக் கழற்றாமல் அந்தக் குழாயில் எதையும் விடக் கூடாது. அந்தக் கூரையில் இருந்தது ஒரு பிளைண்டு. அதற்கு அட்டை இல்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் வேர் அதுதான். மழை, மின்தடை, ஈரக்கட்டை எல்லாம் துணைக் காரணங்கள். ஆனால் அவை எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்தவை. சீசன் இல்லாத நேரத்தில் வாடகை குறைவதே, விடுதியில் பாதி விஷயங்கள் நிறுத்தி, மூடி, ஆளை அனுப்பிவைத்திருப்பதால்தான். எதெல்லாம் மூடியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஈரக்கட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அன்று கட்டை காய்ந்திருந்தால், அதைப் பற்றவைத்த ஐந்தாவது நிமிடம் அறை முழுக்கப் புகை சூழ்ந்திருக்கும். எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடியிருப்போம், புகைபோக்கி மூடியிருப்பது தெரிந்திருக்கும். சிவந்த கரித் தணல் புகைவதில்லை. புகை இல்லாததை நாம் சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் சுவாலை இல்லாமல், காற்று போதாமல் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்துதான் இந்த வாயு நிறைய வரும். கரியில் பிறக்கும் கார்பன் டை ஆக்ஸைடு, அடுத்த சிவந்த கரியைத் தொட்டுக் கடக்கும்போது மோனாக்ஸைடாக மாறிவிடும். புகை என்கிற ஒரே காவலாளியையும் நாங்கள் அன்று அறைக்குள் விடவில்லை.

என் பங்கு இரண்டு. மாடத்துக்குள் காற்று மேலே இழுக்கிறதா என்று பார்க்காமல், இழுக்கும் என்று வைத்துக்கொண்டேன். அம்மாவின் பையில் ஊதுபத்திக் கட்டு இருந்தது. ஒன்றைக் கொளுத்தி மாடத்தின் வாயில் பிடித்திருந்தால், புகை மேலே ஏறாமல் அறைக்குள் திரும்புவது அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரண்டாவது, கதவிடுக்கில் துண்டு. வந்துகொண்டிருந்த கடைசிக் காற்றையும் என் கையால் அடைத்தேன். புகைபோக்கி திறந்திருந்தால்கூட, ஆட்கள் தூங்கும் அறையில் இரவு முழுக்கக் கரித் தணல் வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும். குளிரில் நடுங்கும் அம்மாவைப் பார்த்தபோது தெரிந்தது எல்லாம் பின்னால் போய்விட்டது.

திருவொற்றியூர் திரும்பிய பிறகு

ஞாயிறு இரவே கிளம்பினோம். பிள்ளைகளும் மனைவியும் ஒரே நாளில் தேறிவிட்டார்கள். இந்த வாயுவில் இன்னொரு தொல்லை உண்டு. குணமான பிறகும் சில நாளிலோ சில வாரத்திலோ மறதி, நடையில் தடுமாற்றம், குணமாற்றம் என்று திரும்பி வரலாம், வயதானவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஆகவே சென்னையில் நரம்பியல் மருத்துவரிடம் அம்மாவைக் காட்டினோம். ஆறு வாரம் தினமும் மாலையில் வடிவுடையம்மன் கோயிலுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். நடையைப் பார்ப்பேன், பூக்காரியிடம் சில்லறை எண்ணுவதைப் பார்ப்பேன். அம்மா எப்போதும்போல் சரியாக எண்ணினார்.

ஆலையில் காலைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பதினைந்து பேர் நின்றார்கள். சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். மலைக்குப் போனால்தான் இது வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது தவறு. ஒருவர் வீட்டில் கேஸ் கீசர் ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் இருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டினார் இன்னொருவர். குழந்தை பெற்ற மகளுக்காக, கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டியில் சாம்பிராணி போடுவதாக ஒருவர் சொன்னார். இஸ்திரிப் பெட்டித் தணலை மழை நாளில் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அன்று மாலையே அவரிடம் போனேன். “இத்தன வருசமா இப்படித்தான் தம்பி படுக்கறேன்” என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். இப்போது தணலை வெளியே மண்ணில் கொட்டி, தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படுக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று வாங்கினேன். புகை அலாரம் இந்த வாயுவுக்குக் கத்தாது, பார்த்து வாங்க வேண்டும். ஊரில் இருக்கும்போது படுக்கையறையில் இருக்கும், வெளியூர் போனால் பெட்டிக்குள் வரும். சீசன் இல்லாத நேரத்தில் மலைக்குப் போகிறவர்களிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களைப்போன்ற வருமானத்துக்கு மலை திறந்திருப்பது அப்போதுதான். அறை பேசும்போது, இப்போது எதெல்லாம் மூடி வைத்திருக்கிறீர்கள், கரண்ட் போனால் அறைக்கு என்ன கிடைக்கும், கூடுதல் கம்பளி எத்தனை என்று கேளுங்கள். எங்களுக்கு அன்று இன்னும் ஆறு கம்பளி கிடைத்திருந்தால் தணலே தேவைப்பட்டிருக்காது. பூட்டிய எட்டுக் குடில்களிலும் கம்பளிகள் மடித்து வைத்துத்தான் இருந்தன.

நிலுவையில் இருப்பது

விடுதி மேனேஜருக்கு மூன்று விஷயம் எழுதி அனுப்பினேன். அந்தப் பையனை இதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது. புகைபோக்கியை மூடும் நாளிலேயே கீழே கணப்பு மாடத்தின் குறுக்கே ஒரு பலகை அடித்து, ‘மேலே மூடியிருக்கிறது’ என்று தமிழில் பெரிதாக எழுத வேண்டும். கணப்பு உள்ள எல்லா அறையிலும் அலாரம் வைக்க வேண்டும்.

பையன் வேலையில் இருக்கிறான், அவனே போனில் பேசினான். பலகைகள் ஒன்பது குடில்களிலும் அடித்தாயிற்று, படம் வந்தது. அலாரம் இரண்டு அறையில்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற ஏழும் அடுத்த சீசன் வருமானத்தில் என்கிறார் மேனேஜர். மாதம் பிறந்தால் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்கிறேன்.